அறக்கொட்டியும் சிலந்தியும்: ஒரு வட்டை வரலாறு

அம்பாறைக் கரையோர வேளாண்மையின் வரலாறு என்றதும் போடியார், வட்டவிதானை, வாய்க்கால் என்றே பேசிப் பழகிவிட்டோம். நெற்பயிரின் அடித்தூரில் நடந்த வரலாற்றை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

1949 இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டம் சிறுபோகத்துக்கும் நீரைக் கொண்டுவந்தது. 1960 களின் பின்னர் யூரியாவுக்கு நன்கு விளையும் குட்டை இனங்கள் பரவின. விளைச்சல் பெருகியது, கூடவே அறக்கொட்டியும் பெருகியது. கபில நிறத் தத்தி என விவசாயத் திணைக்களம் கூறும் இப்பூச்சி நெல்லை நம்பியே பெருகுவது. முன்பு வயல் காய்ந்து கிடந்த மாதங்கள் அதன் வம்சத்தைக் குறைத்தன. இரு போகமும் அடர்ந்த பச்சையும் அதற்கு விருந்தாயின.

விவசாயி கிருமிநாசினியை நாடினான். ஆனால் தத்தி தன் முட்டைகளை இலைமடலுக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே எளிதில் எட்டாது. வெளியில் திரியும் சிலந்திதான் முதலில் மடிகிறது. சில நாட்களில் பொரிக்கும் குஞ்சுகளுக்குக் காவலற்ற வயல் கிடைக்கிறது. தத்தியின் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். சிலந்தி அத்தனை விரைவில் மீள்வதில்லை. மருந்தடித்த வயலிலேயே தத்தி அதிகம் பெருகுவதை 1970 களின் இறுதியில் பிலிப்பைன்சில் பீட்டர் கென்மோர் ஆராய்ந்து காட்டினார்.

எதிர்ப்புள்ள இனங்களும் நிரந்தரக் காவலாகவில்லை. 1973 இல் வெளியான ஐ.ஆர். 26 இனத்தைப் பிலிப்பைன்சின் தத்திகள் சில வருடங்களில் வென்றுவிட்டன. நமது நாட்டின் பழைய இனமான ரத்து ஹீனட்டியின் எதிர்ப்புத் தன்மையை உலக ஆய்வாளர்கள் தேடிப் பயன்படுத்தினர். நாமோ பழைய நெல்லினங்களை வயலிலிருந்து அகற்றிக் கொண்டிருந்தோம்.

இந்தோனேசியா 1986 இல் நெல்லுக்கான 57 கிருமிநாசினிகளைத் தடைசெய்தது. மானியத்தைப் படிப்படியாக நிறுத்தியது. 1989 முதல் வயலையே பள்ளிக்கூடமாக்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்க்க விவசாயிகளுக்குக் கற்பித்தது. இலங்கை 2021 இல் இரசாயன உரத்தோடு கிருமிநாசினிகளின் இறக்குமதியையும் திடீரெனத் தடுத்தது; அவ்வருடம் நவம்பரில் அத்தடையைக் கைவிட்டது. இடையில் நட்டப்பட்டவன் விவசாயி. அங்கே கற்பித்தலும் தடையோடு சேர்ந்து வந்தது. இங்கே தடை மட்டுமே வந்தது.

கரும்பலகையில் உணவுச் சங்கிலி வரைந்து காட்டும் ஆசிரியர்களாகிய நாம், பிள்ளைகளை ஒருநாள் வரம்புக்கு அழைத்துச் சென்று, தூரை விலக்கி, தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணச் செய்யலாம். அவர்களில் பலர் நாளை மருந்துக் கடையில் கடன் சொல்லி நிற்கப் போகிறவர்கள். அந்தப் போத்தல் தேவையா இல்லையா என்பதை அந்த எண்ணிக்கையே அவர்களுக்குச் சொல்லும்.