சிலுவையும் பாடுபட்ட சுரூபமும்: சொல்வழி அறியும் வரலாறு

பலிபீடத்துப் பழம்பித்தளைச் சிலுவைகளை ஆராய்வோர்க்குத் தமிழ்ச் சொற்களும் சான்றாகும். ‘சிலுவை’ சுரியானி மொழியினின்றும், ‘குருசு’ போர்த்துக்கீசிய மொழியினின்றும் வந்தவை. இக்கடன்சொற்கள் இருவேறு தொடர்புகளைச் சுட்டுகின்றன.

1547-இல் சென்னைப் பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவை முந்தைய மரபினது. பகலவி எழுத்துப் பொறித்த அதில் இயேசுவின் திருமேனி இல்லை. முனைகள் மொட்டுகளாய் முடிகின்றன. இதனை உயிர்ப்பின் குறி எனக் கொள்வர். போர்த்துக்கீசியர்வழிப் பரவிய உரோமை மரபிலோ அறையுண்ட திருமேனியே முதன்மை பெற்றது. 1570-இல் வெளியான உரோமைத் திருப்பலி நூல், பீடத்தின் நடுவே சிலுவையும் இருமருங்கும் மெழுகுதிரித் தண்டுகளும் அமைய வேண்டுமென விதித்தது. இத்தகு சிலுவைகள் சிலவற்றின் அடியில் காணப்பெறும் மண்டையோடு ‘மண்டையோட்டு இடம்’ எனப் பொருள்படும் கொல்கொத்தாவைக் குறிப்பதாகும்.

திருமேனி தாங்கிய சிலுவையைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘பாடுபட்ட சுரூபம்’ என்றனர். இப்பெயரில் மரமும் இல்லை, உலோகமும் இல்லை, துன்பமே பெயராயிற்று. ஆதலின் அருங்காட்சியகப் பட்டியல்களில் இரண்டையும் ‘சிலுவை’ எனப் பொதுப்படக் குறித்தால், பொருள் எஞ்சும். மக்கள் பேணிய வேறுபாடு மறையும். வழக்குச் சொல்லையும் உடன் பதிதல் வேண்டும்.