கயிறு பிடித்த மச்சானும் சி.என்.சி. மோட்டாரும்

1937-ல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து ஒரு மின்மோட்டாரைச் செய்து ஓடவிட்டார்கள். இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பைக்காரா நீர்மின்சாரம் கொங்குநாட்டுக்கு வந்து சேர்ந்திருந்த காலம் அது. கிணற்றில் தண்ணீர் இறைக்கவும் ஆலைகளை ஓட்டவும் மோட்டார் தேவைப்பட்டது. அந்த வேலைகளுக்கு மோட்டார் சுற்றினால் போதும். எத்தனை சுற்று சுற்றியது, இப்போது எங்கே நிற்கிறது என்று கிணறு கேட்கப் போவதில்லை!

மில்லிங் இயந்திரம் அதைத்தான் கேட்கும். வீட்டு மேசையில் சின்னதாக ஒரு சி.என்.சி. செய்ய நினைக்கும் மாணவர்கள் முதலில் தடுமாறும் இடமும் இதுதான். ஸ்டெப்பர் மோட்டாரா, சர்வோ மோட்டாரா? இந்தச் சண்டை புதிதல்ல. பெரிய பெரிய ஆட்களே இதில் மனம் மாறியிருக்கிறார்கள்.

சண்டையைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடிக்குப் போகலாம். அங்கே அரசு நடத்திய கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. குளிப்பவர் கல்லைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்தால் உடனே மேலே இழுக்க வேண்டும். இந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்பது கடற்கரையில் வழிவழியாக வரும் பேச்சு. அக்கா தங்கை தாலிக்காகவாவது அவன் கண் அயராமல் இருப்பான் அல்லவா!

கீழே நடப்பதை மேலே சொல்லும் அந்தக் கயிறுதான் சர்வோவின் உயிர். சர்வோ மோட்டாரின் பின்னால் என்கோடர் என்ற ஒரு கருவி இருக்கும். தண்டு எங்கே நிற்கிறது என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பிந்தினால் கட்டுப்பாட்டுப் பெட்டி கூடுதலாகத் தள்ளும். ஸ்டெப்பரில் கயிறு கிடையாது. ஒரு துடிப்பு கொடுத்தால் ஒரு படி நகரும். நகர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரம் கயிற்றோடுதான் பிறந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவுக்கு வேண்டிய புள்ளிகளைத் துளை அட்டைக் கணிப்பொறியில் கணக்கிட்டார்கள். பிறகு ஒருவர் எண்களை வாசிக்க, மற்ற இருவர் ஆளுக்கொரு கைப்பிடியைத் திருப்பி மேசையை நகர்த்தினார்கள். இந்தக் கைகளுக்குப் பதில் மோட்டார் வைக்க முடியுமா என்று 1949-ல் எம்.ஐ.டி.யின் சர்வோ ஆய்வுக்கூடத்தை அணுகினார். அது போர்க்காலத்தில் பீரங்கிகளைக் குறி வைக்கும் சர்வோக்களைச் செய்து பழகிய இடம். 1952-ல் அவர்கள் ஓட்டிக்காட்டிய இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதை ஆட்டிவைக்க வால்வுகளும் ரிலேக்களும் அடைத்த அலமாரிகள் வேண்டியிருந்தன. பார்சன்ஸ் கேட்டது எளிய கருவி, கிடைத்ததோ யானை.

ஜப்பானில் புஜிட்சு நிறுவனத்தின் இனாபா செய்யுவெமோன் வேறு வழியில் போனார். 1959-ல் அவர் ஒரு சின்ன ஸ்டெப்பரை எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் மோட்டாரோடு இணைத்தார். ஸ்டெப்பர் வால்வைத் திறக்கும், பலத்தை எண்ணெய் கொடுக்கும். கயிறு தேவையில்லை, விலையும் குறைவு. அதை நம்பி ஜப்பானின் சி.என்.சி. தொழிலே வளர்ந்தது. 1972-ல் பானுக் தனி நிறுவனமானது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மின்சாரத்தைத் தின்று, எண்ணெய் கசிந்து, இரைச்சல் போடும் மோட்டாரை யார் வாங்குவார்கள்? இனாபா தன் கையால் உருவாக்கிய மோட்டாரைத் தானே கைவிட்டார். 1974-ல் அமெரிக்காவின் கெட்டிஸ் நிறுவனத்திடம் டி.சி. சர்வோ மோட்டாருக்கு உரிமம் வாங்கினார். சொந்தக் கண்டுபிடிப்பைத் தூக்கிப்போட எவ்வளவு மனவலிமை வேண்டும்! தொழிற்சாலைகளில் சர்வோ வென்ற கதை இது.

அப்படியானால் மேசை இயந்திரத்துக்கு ஏன் இன்னும் ஸ்டெப்பர்? காரணம், அது வேறு வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலும் பிளாப்பி டிரைவிலும் இருந்தது ஸ்டெப்பர்தான். பழைய பிரிண்டரைப் பிரித்தால் மோட்டார் கையில்! அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் எழுதிய இ.எம்.சி. மென்பொருள் பொதுவுடைமையாக வெளிவந்து, பின்னர் லினக்ஸ்சிஎன்சி ஆனது. ஒரு பழைய கணிப்பொறியின் பிரிண்டர் துளையிலிருந்தே துடிப்புகளை அனுப்ப முடிந்தது. 2009-ல் வந்த ஜிஆர்பிஎல் அதே வேலையை ஒரு சின்ன ஆர்டுயினோ பலகைக்குள் அடக்கிவிட்டது.

கணக்கும் எளிது. வழக்கமான ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 படி. திருகு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தினால் ஒரு படிக்கு 0.025 மி.மீ. மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் வெட்டுபவருக்கு இது தாராளம். நெமா 17, நெமா 23 என்பவை முகப்பின் அளவுகள் மட்டுமே, அதாவது 1.7 அங்குலம், 2.3 அங்குலம். பலத்தை அவை சொல்வதில்லை. கடைக்காரர் சொல்லும் பலமோ, மோட்டார் நின்றுகொண்டிருக்கும்போது உள்ள பிடிப்பு. வேகம் ஏற ஏற அது சரியும். பெரிய மோட்டாரின் சுருளில் மின்னோட்டம் ஏற நேரம் பிடித்தால், குறைந்த வோல்ட்டில் அது சின்ன மோட்டாரைவிட வேகத்தில் தோற்கவும் கூடும். பலர் பெரிய மோட்டாருக்குக் கொட்டும் பணத்தை 36 அல்லது 48 வோல்ட் மின்வழங்கிக்கும் அதைத் தாங்கும் நல்ல டிரைவருக்கும் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

தூத்துக்குடி போன்ற ஊரில் இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்று. எண்ணெய் காணாத திருகு துருப்பிடித்து இறுகும். இறுகிய இடத்தில் ஸ்டெப்பர் ஒரு படியை விடும், சத்தமில்லாமல். கணிப்பொறிக்கு அது தெரியாது. அதன்பின் வெட்டுவதெல்லாம் இடம் மாறியே விழும். மூன்று மணி நேர வேலை, கடைசிப் பத்து நிமிடத்தில் பாழ். அதனால் கணக்கில் வரும் பலத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும் மோட்டாரை எடுப்பதே பாதுகாப்பு.

இப்போது பின்னால் என்கோடர் வைத்த ஸ்டெப்பர்களும் கிடைக்கின்றன. படி தவறினால் சரிசெய்யும், முடியாவிட்டால் நிறுத்திவிடும். விலை சாதாரண ஸ்டெப்பரைவிடக் கூடுதல், நல்ல சர்வோவைவிடப் பெரும்பாலும் குறைவு. மூன்று அச்சுக்கும் வாங்கப் பணம் இல்லாதவர்கள் அதிகப் பாரம் இழுக்கும் அச்சுக்கு மட்டுமாவது ஒன்று போடலாம்.