தைலச் சித்திரமும் லயத்துச் சுவரும்

செலாயாங் வட்டாரத்துத் தோட்ட லயங்களிலும் பிரிக்பீல்ட்ஸ் வரிசை வீடுகளிலும் இலட்சுமி, சரசுவதி படம் மாட்டாத சுவர் ஒரு காலத்தில் அரிது. விளக்கேற்றி வணங்கியோருள் அம்முகத்தை எழுதியவர் யாரென வினவியோர் எத்தனை பேர்? அவ்வரலாற்றை நேயர்கள் அறிதல் நலமெனக் கருதுகிறோம்.

புராணக் காட்சிகளைச் சதையும் குருதியுமுள்ள மாந்தராகத் தைல வர்ணத்தில் தீட்டும் கலை 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உச்சம் பெற்றது. மனிதனுக்கு நெருப்பளித்த குற்றத்திற்காகப் பாறையில் பிணிக்கப்பட்ட பிரமீதியசின் ஈரலைக் கழுகு கொத்துவதை ரூபன்ஸ் (1577–1640) எழுதினார். ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பு தமது வேட்டை மாளிகைக்கென 1636இல் அவரிடம் அறுபதுக்கும் மேற்பட்ட சித்திரங்களைக் கேட்டார். அவையெல்லாம் அரண்மனைச் செல்வம்.

1848இல் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா, திருவாங்கூர் அரண்மனையில் இவ்வித்தையைக் கற்க முயன்றார். அரண்மனைச் சித்திரக்காரர் இராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுத்தார். 1868இல் வந்த ஜென்சன் என்னும் ஐரோப்பியரோ, தாம் எழுதுவதைப் பார்த்திருக்க மட்டும் இசைந்தார். நாயக்கரின் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாகச் சொல்லிக் கொடுத்தாரென்பர். வித்தையை ஒளிப்பது நமது பழைய வியாதியன்றோ! அவர் பிற்காலத்தில் எழுதிய ஜடாயு வதத்தில், சிறகு வெட்டுண்ட கழுகையும் முகத்தைக் கையால் மறைத்த சீதையையும் காண்போர் ரூபன்ஸின் கழுகை நினையாதிரார்.

நிற்க. பரோடா மன்னருக்காக எழுதிய 14 புராணச் சித்திரங்கள் பம்பாயில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஜனங்கள் திரண்டனர். படங்களை அச்சிட்டுப் பரப்பலாமென்று கும்பகோணத்தாரான திவான் மாதவராவ் 1884இலேயே யோசனை கூறியிருந்தார். 1894இல் பம்பாயில் அச்சகம் எழுந்தது. ஜெர்மானிய யந்திரம், ஒவ்வொரு வர்ணத்திற்கும் ஒரு தனிக் கல்.

அவ்வாண்டில் திருவாங்கூர்க் கோயில்களுள் தாழ்த்தப்பட்டோர் நுழைய இயலாது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது 1936 நவம்பர் 12இல். மதுரை மீனாட்சி கோயிலுள் அவர்கள் அடிவைத்தது 1939 ஜூலை 8இல். அச்சுப்படமோ சாதி வினவாமல் விலைக்கு வந்தது. கப்பலேறி வந்த தொழிலாளி, ஊரில் தனக்கு அடைக்கப்பட்ட சந்நிதியைத் தன் லயத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். இதனைச் சிறிய காரியமென்று தள்ள நமக்கு மனமில்லை. ஆயினும் அந்த இலட்சுமிக்கு மாதிரி மானிடப் பெண்களே. பால்மரம் வெட்டிக் கறுத்த கைகள் கும்பிட்ட அவ்வெளுத்த நிறமும் ஒரு மனிதர் குழைத்த வர்ணமே.

அச்சகம் நட்டப்பட்டு ஷ்லைக்கர் என்னும் ஜெர்மானியர் கைக்கு மாறியது. இரவிவர்மா 1906இல் மறைந்தார்; லோணாவளாவை அடுத்த மளவலிக்குச் சென்றிருந்த அச்சகம் 1972இல் தீக்கிரையாயிற்று. வீட்டில் பழைய படம் எஞ்சியிருப்பின், அதன் அடியோரத்தில் அச்சகத்தின் பெயர் உண்டாவென நேயர்கள் பார்ப்பார்களாக.