முடிக்காத ஆய்வேடு

'சிலுவையில் தொங்கும் சாத்தான்' வழியாகத் தமிழ் வாசகருக்கு அறிமுகமான கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ ஒரு காலத்தில் ஆங்கில இலக்கிய மாணவர். அப்போது பெயர் ஜேம்ஸ் கூகி. உகாண்டாவின் மகெரெரேயில் ஆங்கிலம் படித்துத் தேறி, 1964இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் போனார். ஆங்கில மேதைகளை விட்டுவிட்டு, பார்படாஸ்காரர் ஜார்ஜ் லாமிங்கையும் கரீபிய எழுத்தையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஃபனானை வாசித்ததும் அங்கேதான். ஆய்வேடு முடியவில்லை.

பட்டம் வாங்காமல் திரும்பியவர் என்று கணக்கை முடித்துவிடலாம். ஆனால் அந்தப் படிப்பு அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. 1968 அக்டோபரில், நைரோபிப் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஓவூர்-அன்யும்பா, தபான் லோ லியோங் இருவரோடும் சேர்ந்து, ஆங்கிலத் துறையையே ஒழிக்கணும் என்று எழுதிக் கொடுத்தார். ஆப்பிரிக்க இலக்கியமும் வாய்மொழி மரபும் நடுவில் இருக்கட்டும், ஷேக்ஸ்பியர் உட்பட மற்றதெல்லாம் அதோடு உறவுகொண்டு வரட்டும் என்பது வாதம். பெரும் விவாதத்துக்குப் பிறகு அங்கே இலக்கியத் துறை உருவானது.

நம்மூரில் எம்.ஏ. ஆங்கிலம் சேரும் முதல் தலைமுறைப் பிள்ளை கேட்க வேண்டியதும் இதுதான்: இந்தப் பாடத்திட்டத்தில் யார் நடுவில், யார் ஓரத்தில்? வைத்தது யார்? பதினைந்து மார்க் கேள்வியாக இது வராது. வகுப்பில் எழுந்து நின்று கேட்டால்தான் உண்டு.