கைநாட்டிலிருந்து கையொப்பம் வரை: மலாக்காத் தோட்டத் தமிழரும் செய்தி வாசிப்பாளரும்

முன்னுரை

மலாக்கா நகரை அடுத்துள்ள புக்கிட் காத்திலின் பெயரில் ஒரு தமிழ்ச் சொல் மறைந்துள்ளது. மலாய் மொழியில் 'காத்தில்' என்பது படுக்கும் கட்டிலைக் குறிக்கும். தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற அச்சொல்லை இன்று நாம் மலாய் ஒலிப்பின்படியே தமிழில் எழுதி வருகிறோம். சொல் நம்முடையது என்னும் நினைவு அவ்வெழுத்தில் இல்லை.

அவ்வூரில் நாம் காண நேர்ந்த ஒரு குறிப்பேடும் இத்தகைய மறதிக்கு உட்பட்டதே. தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் தம் இளமைக்கால 'ஆட்டோகிராப்' ஏட்டை நமக்குக் காட்டினார். வண்ணத் தாள்களாலான அச்சிற்றேட்டில் பள்ளித் தோழியரின் வாழ்த்துகளும் ஆசிரியர்களின் அறிவுரைகளும் நிறைந்திருந்தன. இடையில் ஒரு பக்கம் மட்டும் ஒருவருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அது மலேசியத் தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசித்த ஒருவரின் கையொப்பம். பள்ளி விழாவொன்றுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவரிடம் வரிசையில் நின்று பெற்றதாம். திரைப்பட நடிகர் எவருடைய ஒப்பமும் அவ்வேட்டில் இல்லை.

பிறர் எழுதித் தந்த செய்தியைப் படிப்பவரிடம் கையெழுத்துக் கேட்பது ஏன்? இதனைப் புகழ்மீது கொண்ட மயக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஆயின், தோட்டத் தமிழரின் எழுத்து வரலாற்றோடு இணைத்து நோக்கும்போது அவ்வொப்பம் வேறொரு பொருள் தருகிறது. அப்பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தும் தற்குறியும்

ஒப்பமிடுதல் தமிழருக்குப் புதியதன்று. சோழர்காலக் கல்வெட்டு ஆவணங்களின் இறுதியில் உடன்பட்டோரும் சாட்சிகளும் தத்தம் பெயரைக் கூறி 'இவை என் எழுத்து' என உறுதி செய்வதைக் காண்கிறோம். 'எழுத்து' என்னும் சொல்லே அங்குக் கையொப்பத்தைக் குறித்தது. எழுத அறியாதவர் தமக்குரிய ஓர் அடையாளத்தை இட்டனர். அவ்வடையாளம் 'தற்குறி' எனப்பட்டது. தன்னைக் குறிக்கும் குறி என்பதே அதன் நேர்ப்பொருள். பிற்காலத்தில் அச்சொல் குறியை விட்டு மனிதரைச் சுட்டலாயிற்று. எழுத்தறியாதவரை இகழும் வசைச்சொல்லாக இன்று அது வழங்குகிறது.

குடியேற்ற ஆட்சி இவ்வடையாளத்திற்கு மற்றொரு வடிவம் தந்தது. 1858ஆம் ஆண்டு வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதியச் செய்தார். இத்தகைய முயற்சிகள் வளர்ந்து, 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. கைரேகை ஆளை அடையாளம் காட்டும். அவர் விருப்பத்தைக் காட்டாது. ஒப்பம் இடுபவர் தாமே எழுதுகிறார். ரேகை வைப்பவரின் விரலையோ பிறரும் பிடித்து அழுத்த இயலும்.

தோட்டமும் பெருவிரலும்

மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் உருவானது மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசாகானில் அதனைப் பெருமளவில் விரிவாக்கினார். இரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருகத் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் பெருகினர். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்ட பின்னர்க் கங்காணி முறை மேலோங்கியது. உதவியுடன் தொழிலாளரை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை அவர்தம் வருகை தொடர்ந்தது.

தோட்ட வாழ்வில் எழுத்து கிராணியின் கையில் இருந்தது. காலைப் பெரட்டில் பெயர் அழைப்பவரும் செக்ரோலில் நாள் குறிப்பவரும் எழுத்தறிந்தோர். தொழிலாளியோ அப்பதிவேட்டில் ஒரு பெயராகவும் எண்ணாகவும் இருந்தார். எழுதத் தெரியாதோர் சம்பள நாளன்று பெருவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தனர். 1948இல் அவசரகாலத்தின்போது அறிமுகமான அடையாள அட்டை, எழுத்தறிந்தோர் அறியாதோர் என்ற வேறுபாடின்றி அனைவரிடமும் பெருவிரல் ரேகையைப் பெற்றது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்க் குடியுரிமையற்றோர் வேலை உரிமம் பெறவேண்டிய நிலை எழுந்தது. சிவப்பு அடையாள அட்டையுடன் வாழ்ந்த பல தோட்டக் குடும்பங்கள் தாம் அறியாத மொழியில் அமைந்த படிவங்களின் முன் கலங்கி நின்றன. ஒரு தாளின் அடியில் விழும் குறி, ஒருவர் இந்நாட்டில் தங்குவதையும் கப்பலேறுவதையும் முடிவு செய்த காலம் அது.

மறுபுறம், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி நடத்தும் கடமையை நிருவாகத்தார்மீது சுமத்தியிருந்தது. குறைபாடுகள் பலவற்றிற்கிடையே அப்பள்ளிகள் ஒரு மாற்றத்தைச் செய்தன. கைநாட்டு வைத்த பெற்றோரின் பிள்ளைகள் தம் பெயரைத் தாமே எழுதக் கற்றனர். நாம் கண்ட ஏட்டிற்கு உரியவர் இத்தலைமுறையினர். தம் தந்தையார் இறுதிவரை பெருவிரலையே வைத்தார் என்பதை அவர் நம்மிடம் கூறினார்.

பெயர் சொல்லிப் படித்த செய்தி

செய்தி வாசிப்பவர் தம் பெயரைக் கூறும் வழக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. பி.பி.சி. வானொலியில் தொடக்கத்தில் வாசிப்பாளர் பெயர் அறிவிக்கப்படவில்லை. குரல் நிறுவனத்தினுடையதாகவே கருதப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல் இந்நிலை மாறியது. பகைவர் போலிச் செய்தி ஒலிபரப்பக்கூடும் என்ற அச்சத்தால், நேயர்கள் குரலையும் பெயரையும் சேர்த்தறிந்து உண்மைச் செய்தியை இனங்காணுமாறு வாசிப்பாளர்கள் தம் பெயரைக் கூறலாயினர். இவ்வகையில் பெயர் செய்தியின்மீது இடப்பட்ட ஒப்பமாயிற்று. திரையில் அவர்கள் முகம் தெரிந்ததோ 1955இல்தான்.

தமிழுலகில் அகில இந்திய வானொலியின் தில்லி நிலையத்திலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி, இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்களான எஸ்.பி. மயில்வாகனம், பி.எச். அப்துல் ஹமீது முதலியோர் முகம் காணாமலே வீடுதோறும் அறியப்பட்டவர்கள். மலாயாவில் 1946 ஏப்பிரல் முதல் நாள் 'ரேடியோ மலாயா' தொடங்கப்பட்டது. பின்னாளில் தமிழ் ஒலிபரப்பின் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் தோட்டங்களின் பெயர்கள் ஒலித்தன. எந்த நிலப்படத்திலும் எளிதில் காணவியலாத ஒரு தோட்டத்தின் பெயரை, அங்கு வாழும் ஒருவரின் பெயரோடு சேர்த்து, நாடு முழுவதும் கேட்குமாறு அறிவிப்பாளர் உச்சரித்தார். நேயரின் பெயரை அறிவிப்பாளர் சொன்னார். அறிவிப்பாளரின் பெயரை நேயர் தம் ஏட்டில் எழுதிப் பெற்றார். ஒன்றற்கொன்று ஈடான இவ்விரு செயல்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தல் பொருந்தாது.

திரையில் தோன்றிய தமிழ்

1963 டிசம்பர் 28ஆம் நாள் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 1969இல் இரண்டாம் அலைவரிசை வந்தது. 1978இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. அரசுத் தொலைக்காட்சியில் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் செய்தி இடம்பெற்றது. மின்னாக்கி மாலையில் சில மணி நேரமே இயங்கிய தோட்டங்களில், அக்கம்பக்கத்தார் ஒரு பெட்டியின் முன் கூடி அமர்ந்து பார்த்ததை அக்காலத்தவர் பலரும் நினைவுகூர்கின்றனர்.

தமிழ்த் திரைப்படம் சென்னையிலிருந்து வந்தது. அதன் நாயகர்கள் தொலைவில் இருந்தார்கள். செய்தி வாசிப்பாளரோ இந்நாட்டவர். அவர் வாயிலாகவே நாடாளுமன்றத்தின் முடிவும் இரப்பர் விலையும் வெள்ள எச்சரிக்கையும் தமிழில் வந்தன. தோட்டத்தில் தமிழ் என்பது லயத்தின் மொழி, கோயிலின் மொழி, கங்காணியின் அதட்டலின் மொழி. அதே தமிழ், அரசின் செய்தியைச் சுமந்து, திருத்தமான உச்சரிப்புடன் திரையில் தோன்றியபோது அதன் மதிப்பு மாறியது. நடிகரிடம் ஒப்பம் கேட்கத் தமக்குத் தோன்றவே இல்லை என்றும், நாட்டின் செய்தியை நம் மொழியில் சொன்னவரிடம் கேட்பதே பெருமையாக இருந்தது என்றும் அவ்வம்மையார் கூறியதை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு நிலையோடு இதனை ஒப்பிடலாம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. அங்குச் செய்தி வாசித்த ஷோபனா ரவி, ஈரோடு தமிழன்பன், வரதராஜன், பாத்திமா பாபு முதலியோர் மக்களிடையே பெரும்புகழ் பெற்றனர். ஷோபனா ரவியின் உச்சரிப்பைப் போலவே அவர் உடுத்திய புடவைகளும் பேசப்பட்டன. தமிழன்பன் கவிஞர், வரதராஜன் மேடை நாடகத்தவர், பாத்திமா பாபு பின்னர் நடிப்புத் துறையிலும் ஈடுபட்டார். அங்குச் செய்தி வாசிப்பாளரின் புகழ் கலைத்துறைப் புகழோடு கலந்து நின்றது எனலாம். பெரும்பான்மையோர் மொழியாகத் தமிழ் வழங்கும் நிலத்தில் அது தமிழில் ஒலிப்பது இயல்பு. சிறுபான்மையோர் மொழியாக வழங்கும் நாட்டில் அது ஓர் உரிமை. கேட்கப்படும் ஒப்பம் ஒன்றேயாயினும் கேட்பவரின் நிலை வேறு.

எந்த எழுத்தில் ஒப்பம்?

நாம் கண்ட ஏட்டின் அப்பக்கத்தில் இரண்டு ஒப்பங்கள் உள்ளன. மேலே உரோமன் எழுத்தில், பழகிய கை விரைந்து இழுத்த ஒப்பம். கீழே அதே பெயர் தமிழில், ஒவ்வோர் எழுத்தும் பிரிந்து, பள்ளி மாணவர் எழுதியதுபோல் மெதுவாக எழுதப்பட்டுள்ளது. முதலில் கிடைத்த ஒப்பத்தைக் கண்டு, "தமிழில் போட்டுக் கொடுங்கள், ஐயா" எனச் சிறுமி மீண்டும் ஏட்டை நீட்டினாராம். அவரும் சிரித்துக்கொண்டே எழுதித் தந்தாராம்.

இக்கட்டுரைக்கு அடிப்படையான சான்று இவ்விரண்டாம் ஒப்பமே. அவர் வாசித்த செய்தி பிறர் எழுதியது. குரல் காற்றில் கரைந்தது. அவர் கையால் தமிழில் எழுதிய ஒன்று வேண்டும் எனச் சிறுமி கேட்டார். நாள்தோறும் தமிழைத் திருத்தமாகப் படித்தவருக்கும் தம் பெயரைத் தமிழில் ஒப்பமிடும் பழக்கம் இல்லாதிருந்தமை அவருடைய குறையன்று. வங்கியும் அலுவலகமும் தேர்வுத்துறையும் கோரிய ஒப்பத்தை அவர் பழகியிருந்தார். தமிழ் பேச்சிலும் வாசிப்பிலும் பொதுவெளிக்கு வந்துவிட்டது, ஒப்பத்தில் வரவில்லை. கைநாட்டிலிருந்து கையொப்பத்திற்கு வந்த தலைமுறை, தமிழைத் தாண்டிச் சென்று ஒப்பமிட்டது.

மலாக்காவில் இது சிறிய செய்தியன்று. டச்சு ஆட்சிக் காலத்தில், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தோடு தொடர்புடைய மலாக்கா செட்டிகள், சமயத்தையும் சடங்கையும் பேணியும் தமிழை வீட்டுமொழியாகத் தக்கவைக்க இயலாமற் போயிற்று. மொழி ஒரே நாளில் மறைவதில்லை. ஒவ்வொரு பயன்பாட்டிலிருந்தும் விலகி விலகியே மறைகிறது என்பதற்கு அவர்கள் வரலாறு நம் அருகிலேயே உள்ள சான்றாகும். தமிழ்நாட்டிலும்கூட, பெயரின் முன்னெழுத்தையும் ஒப்பத்தையும் தமிழிலேயே எழுதவேண்டுமென 2021இல் அரசு ஆணையிட வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். ஒரேயோர் ஏட்டைக் கொண்டு ஒரு சமூகத்தின் மனநிலையை வரையறுக்கலாமா? கூடாது. பெரும்பாலோர் புகழ்பெற்றவர் என்பதற்காகவே ஒப்பம் கேட்டிருப்பர். பலருக்கு உரோமன் ஒப்பமே போதுமானதாக இருந்திருக்கும். ஒப்பம் கேட்பதன் பொருள் காலத்தாலும் இடத்தாலும் மாறுவதே. காந்தியடிகள் தம் கையொப்பத்திற்கு ஐந்து ரூபாய் பெற்று அரிசன நிதியில் சேர்த்தார். அங்கு ஒப்பம் நன்கொடைக்குக் காரணமாயிற்று. ஆகவே இவ்வேட்டை ஒரு முடிவாகக் கொள்ளாமல், மேலும் பல ஏடுகளைத் தேடுவதற்குரிய வினாவாகக் கொள்வதே முறை.

முடிவுரை

இன்று செய்தி வாசிப்பாளரைக் காணும் இளையோர் கைத்தொலைபேசியை உயர்த்தித் தற்படம் எடுத்துக்கொள்கின்றனர். அதில் இருவர் முகமும் உள்ளன, எழுத்து இல்லை. பழைய ஒப்ப ஏடுகளோ, தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தபோது பழந்தாள்களோடு எறியப்பட்டு வருகின்றன. நிருவாகத்தின் செக்ரோல்கள் சில ஆவணக் காப்பகங்களில் எஞ்சக்கூடும். அவற்றில் இருப்பவை நம் முன்னோரின் ரேகைகள். அவர்தம் பிள்ளைகள் தாமே விரும்பித் திரட்டிய எழுத்துகள் இவ்வேடுகளில் உள்ளன.

எனவே தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். பள்ளி விடுமுறையின்போது மாணவர்கள் தம் பாட்டிமார், அத்தைமாரிடம் பழைய ஒப்ப ஏடுகளைக் கேட்டுப் பார்க்கட்டும். ஏட்டை வாங்கிவர வேண்டியதில்லை. யார், எவ்விடத்தில், எந்த ஆண்டில், எந்த எழுத்தில் ஒப்பமிட்டார் என்பதைக் குறித்து வந்தாலே போதும். அக்குறிப்புகள் ஆய்வாளருக்குப் பெரிதும் உதவும்.

இதனை எழுதும் நாமும் மாணவர் தேர்வுத்தாள்களில் உரோமன் எழுத்திலேயே ஒப்பமிட்டு வருகிறோம். அவ்வம்மையார் விடைபெறும் வேளையில் தம் ஏட்டின் வெற்றுப் பக்கமொன்றைத் திறந்து நம்மிடம் நீட்டினார். தமிழில் ஒப்பமிட்டோம். நம் எழுத்தும் ஒவ்வொன்றாகப் பிரிந்து, மெதுவாகவே வந்தது.