பொய்வாதம் என்னும் பழி

தமிழில் 'வாதம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் வழக்கில் உள்ளன. உறுப்பைச் செயலிழக்கச் செய்யும் நோய் ஒன்று. தன் தரப்பை எடுத்துரைத்தல் மற்றொன்று. மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோயின் வரலாற்றில் இவ்விரு பொருள்களும் ஓரிடத்தில் வந்து கலக்கக் காண்கிறோம். அந்நோயுற்றோர் தளர்ச்சியால் துன்புற்றதோடு, அத்தளர்ச்சி மெய்யானதே என்று வாதிடவும் வேண்டியிருந்தது. அவ்வழக்கில் அவர்களுக்குச் சாட்சியாக வந்து நின்றது நரம்பு மின்தூண்டல் சோதனை.

நோயின் இயல்பே ஐயத்துக்கு இடம் தருவது. காலையில் நன்றாகப் பேசி, உண்டு, படியேறியவருக்கு மாலையில் இமை சரியும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். மென்ற உணவை விழுங்க இயலாது போகும். சற்றே ஓய்ந்தால் வலிமை திரும்பிவிடும். வலி இல்லை, உணர்விழப்பு இல்லை. சோர்வும் சோம்பலும் ஒலியால் நெருங்கிய சொற்கள். காண்போர் கண்ணிலும் அவை எளிதில் ஒன்றாகிவிடுகின்றன.

1672இல் வெளிவந்த தம் இலத்தீன் நூலில் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். நெடுநேரம் பேசினால் அவர் மீனைப்போல் ஊமையாகிவிடுவார். ஓரிரு மணி நேரம் கழிந்த பின்னரே குரல் மீளும். அப்பெண் விவேகமும் நேர்மையும் உடையவர் என்பதையும் வில்லிஸ் சேர்த்தே குறித்திருக்கிறார். நோயைச் சொல்லும்போது நோயாளியின் நன்னடத்தைக்கும் சான்று கூற வேண்டியிருந்தது என்பது நம் சிந்தனைக்குரியது. இத்தகைய தளர்ச்சிக்கு அவர் இட்ட பெயரோ 'போலி வாதம்' என்னும் பொருளுடையது.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1877இல், லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ் ஓர் இளம்பெண்ணின் மரணத்தைப் பதிவு செய்தார். அவருக்கு வந்திருப்பது ஹிஸ்டீரியா என்றே முதலில் கருதப்பட்டது. பின்னர் மூச்சுத் தசைகள் ஓய்ந்து அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளைத்தண்டில் எக்குறையும் புலப்படவில்லை. தொடர்ந்து 1879இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் எர்ப்பும், 1893இல் வார்சாவின் சாமுவேல் கோல்ட்ஃபிளாமும் இந்நோயின் முகத்தைத் தெளிவாகத் தீட்டிக் காட்டினர். ஆயினும் அவை யாவும் கண்ணால் கண்ட விவரிப்புகளே.

திருப்பம் பெர்லினில் நேர்ந்தது. ஃபிரீட்ரிக் ஜாலி என்னும் மருத்துவர் நோயாளிகளின் தசைக்குத் தொடர்ந்து மின்தூண்டல் அளித்தார். முதலில் வலுவாகச் சுருங்கிய தசை, தூண்டல் தொடரத் தொடர மெலிந்து கொண்டே வந்தது. ஓய்வு தந்ததும் மீண்டும் சுருங்கியது. மின்னோட்டத்தால் களைத்த தசையை நோயாளி தம் விருப்பத்தாலும் அசைக்க இயலவில்லை. இங்கே மனத்துக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நடிப்பவனின் தசையும் மின்னோட்டத்துக்கு முன் நடிக்காது. 1895இல் தம் முடிவுகளை வெளியிட்ட ஜாலி, இந்நோய்க்கு 'மயஸ்தீனியா கிராவிஸ் சூடோபாரலிட்டிகா' என்று பெயரிட்டார். தசைத் தளர்ச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், கடுமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும், 'பொய்வாதம்' என்னும் வாலும் இணைந்த பெயர் அது. மெய்யென நிறுவியவரின் பெயரிடலிலேயே பொய் ஒட்டிக்கொண்டது விந்தைதான். காலப்போக்கில் அவ்வால் உதிர்ந்தது.

குறை எங்கே இருக்கிறது என்பதற்கு 1934இல் ஒரு தடயம் கிடைத்தது. லண்டன் கிரீனிச்சில் இருந்த புனித ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வாக்கர், இந்நோய் க்யூராரே நஞ்சின் விளைவை ஒத்திருப்பதைக் கருதி, அந்நஞ்சுக்கு மாற்றான ஃபைசோஸ்டிக்மினை ஒரு நோயாளிக்குச் செலுத்தினார். தளர்ச்சி சிறிது நேரம் விலகியது. நரம்பு தசையைச் சந்திக்கும் இடமே பழுதுற்றிருந்தது என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

1941இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹார்வியும் மாஸ்லண்டும் சோதனையை அளவியலாக்கினர். தசையின் சுருக்கத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், நரம்பைத் தூண்டித் தசையில் எழும் மின்னலையைப் பதிவு செய்தனர். இன்றைய சோதனைக்கு அதுவே அடித்தளம். நரம்பொன்றை நொடிக்கு இரண்டு அல்லது மூன்று முறை தூண்டுவர். நரம்பு நுனி ஒவ்வொரு முறையும் அசெட்டைல்கோலினை உமிழும்; முதற்சில தூண்டல்களில் அதன் அளவு சற்றே குறைவது இயற்கை. நலமுள்ளவரிடம் தேவைக்கு மிஞ்சிய இருப்பு உண்டாகையால் அலை மாறாது. நோயுற்றவரிடமோ அதனை ஏற்கும் ஏற்பிகள் குறைந்திருப்பதால் சில தசையிழைகள் பதிலளிக்கத் தவறும், அலை தேயும். முதல் அலைக்கும் நான்காம் அல்லது ஐந்தாம் அலைக்கும் இடையே 10 விழுக்காட்டுக்கு மேல் தேய்வு காணின் அது நோய்க்குறி. கை குளிர்ந்திருந்தால் தேய்வு மறைந்துவிடும் என்பதால் அதை வெதுவெதுப்பாக்கிய பின்னரே சோதிப்பர்.

அந்த ஏற்பிகளைத் தாக்குவது உடலின் சொந்த எதிர்ப்பாற்றலே என்பது 1970களில் தெளிவாயிற்று. மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்திய பேட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ராமும், அவற்றில் இதே தளர்ச்சி தோன்றியதை 1973இல் அறிவித்தனர். காவலே களவாடிய கதை இது.

ஆயினும் இச்சாட்சியை முற்றமுடிந்ததெனக் கொள்ளலாகாது. நோய் கண்ணளவில் நிற்போரில் பாதிப்பேருக்கு மேல் இச்சோதனையில் தேய்வு தெரிவதில்லை. அதனாலேயே தசையிழை ஒவ்வொன்றையும் நுணுகி அறியும் ஒற்றையிழைப் பதிவும், குருதியில் எதிர்ப்பொருள் தேடும் சோதனையும் துணைக்கு வந்தன. தேய்வு கண்டால் நோயாளியின் சொல் மெய்ப்படுகிறது. காணாவிடில் அது பொய்ப்படுவதில்லை. கருவி வாய் திறக்கவில்லை என்பதே அதன் பொருள்.

வில்லிஸ் அப்பெண்ணிடம் எவ்வித மின்கருவியும் வைத்துப் பார்க்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டார், நம்பினார், எழுதி வைத்தார். கருவிகள் நுண்மை பெற்றுவிட்ட இந்நாளிலும் நோயறிதல் அந்தச் செவிகொடுத்தலில் இருந்துதான் தொடங்குகிறது. மாலையில் ஓய்ந்துபோகும் ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லுமுன், நாமும் ஒருகணம் தயங்குவது நன்று.