ரொபர்ட் நொக்ஸின் இலங்கை நூல்: பதிப்பும் பிரதிகளும்

1681ஆம் ஆண்டு இலண்டனில் அச்சான ரொபர்ட் நொக்ஸின் 'இலங்கைத் தீவின் வரலாற்று விவரணம்' கண்டி இராச்சியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் விரிவான நூலாகும். ஆய்வுப் பயணம் சென்ற ஒருவர் இதை எழுதவில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஒரு கப்பல்காரர் நாடு திரும்பும் வழியில் நினைவிலிருந்து எழுதியது இது. இன்று இதன் முதற்பதிப்பு அரிய நூல்களின் வரிசையில் உள்ளது. பதிப்பின் கதையும், ஆசிரியர் தம் கைப்பட எழுதி விட்டுச்சென்ற தாள்களின் கதையும் நூலின் உள்ளடக்கத்தைப் போலவே கவனத்துக்குரியவை.

கொட்டியாரத்தில் சிறைபிடிப்பு

நொக்ஸ் 1641இல் இலண்டனில் பிறந்தார். அவருடைய தந்தையின் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான். தந்தை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய 'ஆன்' என்ற கப்பலின் தலைவர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத் துறையில் புயலில் சிக்கியபோது அந்தக் கப்பலின் நடுப் பாய்மரத்தை வெட்டிவிட வேண்டியதாயிற்று. புதிய மரம் நாட்டவும், இடையில் வணிகம் செய்யவும் கொட்டியாரக் குடாவுக்குச் செல்லும்படி சென்னைக் கோட்டையிலிருந்து உத்தரவு வந்தது. கப்பலில் பரங்கிப்பேட்டை வணிகர்களும் அவர்களுடைய சரக்கும் இருந்தன. சோழமண்டலக் கரைக்கும் திருகோணமலைப் பகுதிக்கும் இடையே அக்காலத்தில் நடந்த வணிகத்துக்கு இது ஒரு சான்று.

கொட்டியாரத்தில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும், அவர் மகனையும், கரையில் இருந்த பிறரையும் பிடித்தனர். 1660 ஏப்ரலில் நடந்த இதில் பிடிபட்டவர்கள் மொத்தம் 16 பேர். கப்பல் தப்பிச் சென்றது. தந்தை 1661 பெப்ரவரி 9ஆம் நாள் காய்ச்சலால் இறந்தார். நூலில் இந்த ஆண்டு 1660 என்று காணப்படும். அக்கால ஆங்கிலேயர் மார்ச் 25ஆம் நாளையே புத்தாண்டின் தொடக்கமாகக் கொண்டதே இதற்குக் காரணம். பழைய நூல்களின் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போர் இதை மறக்கக் கூடாது.

சிறை என்றாலும் அது கல்லறைச் சிறை அன்று. கைதிகளை ஊர் ஊராகப் பிரித்துக் குடியமர்த்தினர். அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பு ஊராருடையது. இளைய நொக்ஸ் குல்லாய் பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கினார், பின்னர் ஊர் ஊராகச் சென்று சில்லறை வணிகம் செய்தார். ஒரு முதியவரிடம் கிடைத்த ஆங்கில விவிலியத்தைத் தாம் பின்னிய ஒரு குல்லாய்க்குப் பண்டமாற்றாகப் பெற்றார். வயல், வரி, வழக்கு, திருமணம், சாவு ஆகியவற்றைப் பற்றி நூலில் உள்ள துல்லியம் இந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. அரண்மனைக்கு வந்துபோன தூதர்களுக்குக் கிட்டாத பார்வை அது.

அருவி ஆற்றின் வழியே

1679 செப்டம்பரில் நொக்ஸும் ஸ்டீபன் ரட்லண்டு என்ற தோழரும் வணிகம் செய்யப் போவதுபோல வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். அனுராதபுரத்தை அடைந்தபோது அங்கிருந்தவர்களுக்குச் சிங்களம் தெரியவில்லை. நொக்ஸ் அவர்களை 'மலபார்' என்று குறிக்கிறார். அக்கால ஐரோப்பியர் தமிழரைச் சுட்டப் பரவலாக வழங்கிய பெயர் அது. உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாகச் சொல்லி இருவரும் அங்கே சில நாள் தங்கினர். பிறகு மல்வத்து ஓயா எனப்படும் அருவி ஆற்றின் கரையோடு காட்டுவழியே நடந்து, அக்டோபர் 18ஆம் நாள் மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர்.

நூலோடு வெளிவந்த வரைபடம் 'கண்டி உடரட்டை' இராச்சியத்தைக் காட்டுவது. வடக்கே வன்னியரின் நாடும் அதில் தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. கண்டி மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையில் வன்னிச் சிற்றரசு நிலவியதற்கு, அந்நாட்டின் ஓரமாக நடந்து வந்த ஒருவர் தரும் சாட்சியம் என்பதால் வன்னி வரலாற்றை எழுதுவோருக்கு இது பயன்படுகிறது.

1681ஆம் ஆண்டுப் பதிப்பு

கொழும்பு, பத்தாவியா, பாந்தம் வழியாக நொக்ஸ் 1680 செப்டம்பரில் இலண்டன் சேர்ந்தார். கையெழுத்துப் படியைச் சீராக்க அவருடைய உறவினரான பாதிரியார் ஜான் ஸ்ட்ரைப் உதவினார். இராயல் சொசைட்டியைச் சேர்ந்த அறிவியலாளர் ராபர்ட் ஹூக் முன்னுரை எழுதினார். அப்போது அச்சங்கத்தின் தலைவராக இருந்த கிறிஸ்டோபர் ரென் நூலைப் படித்து, அச்சிடத் தகுந்தது என்று பரிந்துரைத்தார். இராயல் சொசைட்டியின் பதிப்பாளரான ரிச்சர்ட் சிஸ்வெல் ஃபோலியோ அளவில் வெளியிட்டார். கம்பெனியின் ஆளுநருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் நூல் காணிக்கையாக்கப்பட்டது.

நூல் நான்கு பகுதிகளைக் கொண்டது: நாடும் விளைபொருளும், மன்னனும் ஆட்சியும், மக்களும் வழக்கங்களும், சிறைவாழ்வும் தப்பித்தலும். மடிப்பு வரைபடத்தோடு 15 செப்புத்தகட்டுப் படங்களும் உண்டு. இராசசிங்கன், தாலிப்பனை ஓலையைக் குடையாகப் பிடித்த மனிதன், சூடு மிதித்தல், யானையைக் கொண்டு கொலைத்தண்டனை நிறைவேற்றல், வேடர் ஆகியவை அவற்றில் பலமுறை மறுபதிப்பானவை. இவை இலங்கையைப் பாராதவர்கள் இலண்டனில் உருவாக்கிய படங்கள். எனவே ஆடை, முகம், கட்டடம் ஆகியவற்றுக்கு இவற்றை நேர்ச் சான்றாகக் கொள்ள முடியாது. நொக்ஸின் எழுத்தோடு ஒப்பிட்டே இவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

சில பிரதிகளில் ராபர்ட் வைட் செதுக்கிய நொக்ஸின் உருவப்படம் காணப்படும். அதில் உள்ள ஆண்டு 1695. ஆகவே அது நூலோடு பிறந்த படம் அன்று, பின்னர் சேர்த்துக் கட்டப்பட்டது. ஒரு பிரதியில் உருவப்படம் இல்லாததால் அதைக் குறையுள்ள பிரதி என்று சொல்லிவிட முடியாது. மாறாக, வரைபடமோ பிற படங்களோ கிழிந்துபோயிருந்தால் அது உண்மையான குறை.

ஜெர்மன் மொழியில் 1689இலும், டச்சில் 1692இலும், பிரெஞ்சில் 1693இலும் மொழிபெயர்ப்புகள் வந்தன. ஜான் லாக் தம் அரசியல் நூலில் வரம்பற்ற முடியாட்சிக்கு எடுத்துக்காட்டாக இலங்கை பற்றிய அண்மை நூலைச் சுட்டுகிறார். டேனியல் டீஃபோ 'கேப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கித் தந்தார். ஆங்கிலேயர் 1815இல் கண்டியைக் கைப்பற்றிய பின், 1817இல் 'பிலலேதஸ்' என்ற புனைபெயரில் வெளியான இலங்கை வரலாற்றோடு நொக்ஸின் நூலும் சேர்த்து அச்சிடப்பட்டது. கைதியின் நினைவுக் குறிப்பு இவ்வாறு ஆட்சியாளரின் கையேடாகவும் ஆயிற்று.

ஆசிரியரின் கைப்பிரதிகள்

நொக்ஸ் நூலை அச்சோடு விட்டுவிடவில்லை. அச்சுத் தாள்களுக்கு இடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு பிரதியில் திருத்தங்களையும் புதிய செய்திகளையும் எழுதிவந்தார். இரண்டாம் பதிப்பு கொண்டுவருவது அவர் எண்ணம். 1720இல் அவர் இறக்கும்வரை அது நிறைவேறவில்லை. அந்தப் பிரதி இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அவருடைய தன்வரலாறு, 1755இல் இறந்த சேகரிப்பாளர் ரிச்சர்ட் ராலின்சனின் தொகுப்போடு ஆக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

ஜேம்ஸ் ரையன் பதிப்பித்த தன்வரலாறு நூலோடு சேர்ந்து 1911இல் கிளாஸ்கோவில் வெளிவந்தது. நொக்ஸ் விரிவாக்கிய வடிவம் ஜே. எச். ஓ. பவுலுஸின் பதிப்பில் இலங்கையிலேயே 1989இல் அச்சேறியது. ஆசிரியர் இறந்து ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் விரும்பிய இரண்டாம் பதிப்பு வாசகருக்குக் கிடைத்தது.

இந்தக் கையெழுத்துத் தாள்களால் இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, 1681ஆம் ஆண்டு நூலில் ஹூக்கின் கையும் ஸ்ட்ரைப்பின் கையும் கலந்திருப்பதால், நொக்ஸின் சொந்த நடை எது என்ற கேள்வி இருந்துவந்தது. அவர் தாமே எழுதிய பக்கங்கள் அதை ஒப்பிட்டுப் பார்க்க வழி தருகின்றன. இரண்டாவது, அச்சு நூல் காட்டாத மனிதரை இவை காட்டுகின்றன. விடுதலைக்குப் பின் நொக்ஸ் கம்பெனியின் 'டோங்கின் மெர்ச்சன்ட்' கப்பலுக்குத் தலைவரானார். மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கி செயின்ட் எலேனாத் தீவுக்குக் கொண்டுசெல்லும் பணியிலும் ஈடுபட்டார். தம் அடிமைநிலையை நூல் முழுக்க வருந்தி எழுதியவர் பிறரை அடிமையாக ஏற்றிச் சென்றதும் இதே வாழ்வின் பகுதிதான்.

நொக்ஸ் சிறைபிடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இடத்தில், மூதூரில் ஒரு புளியமரத்தடியில், 1893இல் நினைவுக்கல் நாட்டப்பட்டது. மரம் 'வெள்ளைக்காரன் மரம்' என்று பெயர் பெற்றது. மூதூர், அனுராதபுரம், அருவி ஆறு, அரிப்பு என நொக்ஸ் தொட்டுச் சென்ற இடங்களில் பல தமிழ் பேசும் மக்களின் வாழிடங்கள். அம்மக்களைப் பற்றி அவர் எழுதியது சில பக்கங்களே. அவர் அவர்களிடம் மொழி அறியாமல், தப்பியோடும் அவசரத்தில் வந்தவர். கண்டி நாட்டுச் சிங்களர் பற்றிய அவருடைய பதிவுக்குத் தரும் நம்பிக்கையை வடக்கு பற்றிய பதிவுக்கும் அதே அளவில் தர முடியாது என்பதை நூலைப் பயன்படுத்துவோர் மனத்தில் கொள்ள வேண்டும்.